போரில் இறந்த பட்டாளத்துக்காரரை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர்கள் இருப்பார்கள். நானும் ஒருவன். ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஆட்களின் பெயர், நம்பர், குடும்ப விவரம், விடுப்பு, கல்யாணம், பிறப்பு, இறப்பு எல்லாம் எழுதும் ரிஜிஸ்டர்கள்தான் என் வேலை. ஊருக்கு வந்த பிறகு கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் ரேஷன் கடை வரிசையிலும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

"கழுத்துல ஒரு தகடு போட்டிருப்பாங்களே, அதுல என்ன எழுதியிருக்கும்?"

ஐடி டிஸ்க் என்று சொல்வோம். ராணுவ நம்பர், பெயர், மதம், ரத்த வகை, இவ்வளவுதான் இருக்கும். ரத்த வகை உயிரோடு இருக்கும்போது உதவுவதற்கு. அடிபட்டவரால் பேச முடியாவிட்டாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். மதம் இறந்த பிறகு உதவுவதற்கு: எரிப்பதா, புதைப்பதா, யாரை அழைத்து ஜெபமோ மந்திரமோ சொல்வது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நம் மாவட்டத்துக்காரருக்கு இது ரொம்ப முக்கியம். ராஜன், செல்வம், தங்கம் என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே யார் கோயிலுக்குப் போகிறவர், யார் சர்ச்சுக்குப் போகிறவர் என்று சொல்லிவிட முடியாது.

இந்த நாலில் பெரியது நம்பர்தான். நம்பரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அது அழகுக்குப் போட்டது அல்ல. முன்னால் உள்ள இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு வரும் எழுத்து. எங்காவது ஓர் இலக்கம் மாறி எழுதினால் எழுத்து பொருந்தாது, கிளார்க்குக்கு உடனே தெரிந்துவிடும். சிப்பாயாகச் சேர்ந்தவர் நாயப் சுபேதார் ஆகும்போது புது நம்பர் வரும். ஆனால் பழைய நம்பரும் அவர் ரெக்கார்டில் அப்படியே இருக்கும்.

"ஒண்ணு போதாதா? எதுக்கு ரெண்டு தகடு?"

முதலில் ஒன்றுதான் இருந்தது. முதல் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஒரே தகடு. ஆள் இறந்தால், இறந்ததற்கு அத்தாட்சியாக அதைக் கழற்றி மேலே அனுப்பினார்கள். அலுவலகத்தில் இறப்பு பதிவாகிவிடும். ஆனால் உடல் பெயரில்லாமல் கிடக்கும். நாலு நாள் கழித்துப் புதைக்க வருகிறவருக்கு அது யார் என்று தெரியாது. அப்படிப் பெயர் போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

அதனால் 1916-ல் இரண்டு தகடு கொடுத்தார்கள். பச்சை நிறத்தில் எட்டுமூலைத் தகடு ஒன்று, சிவப்பில் வட்டத் தகடு ஒன்று. சிவப்பு அலுவலகத்துக்குப் போகும், பச்சை உடலோடேயே இருக்கும். ஜெர்மானியர்கள் இதையே வேறு மாதிரி செய்தார்கள்: ஒரே தகடு, நடுவில் ஓட்டை வரிசை, இரண்டாக ஒடிக்கலாம், இரண்டு பாதியிலும் ஒரே விவரம். 1949-ல் வந்த ஜெனீவா உடன்படிக்கையிலும் இந்தப் பாடம் ஏறிவிட்டது. இரட்டைத் தகடு என்றால் ஒரு பாதி, ஒற்றைத் தகடு என்றால் அந்தத் தகடே உடலோடு இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. உடலுக்கு ஒரு சாட்சி, அலுவலகத்துக்கு ஒரு சாட்சி என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல பதில்களுக்கு இது வேண்டும்.

"தகட்டுல ஒரு வெட்டு இருக்குமே, செத்தவங்க பல்லுக்கு நடுவுல சொருகத்தானாமே அது?"

இல்லை. அது இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்கத் தகட்டில் இருந்த வெட்டு. எழுத்துப் பொறிக்கும் மெஷினில் தகடு அசையாமல் நிற்பதற்காக வைத்தது. மெஷின் மாறியதும் வெட்டும் போய்விட்டது. இறந்தவர் வாயில் எதையும் அடித்து ஏற்றுவதில்லை. மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஓர் அம்மா இதை யாரோ சொல்லக் கேட்டு நாள்கணக்கில் தூங்காமல் இருந்தார். தெரியாதவர்கள் தயவுசெய்து இந்தக் கதையைப் பரப்ப வேண்டாம்.

"அத்தனை பேர் சண்டை போடுற இடத்துல யாரு செத்தாங்க, யாரு இருக்காங்கன்னு எப்படித்தான் கணக்கெடுப்பாங்க?"

நான் அதிகம் விளக்க வேண்டி வந்த கேள்வி இது. இறந்தவர்களைத் தேடி எண்ணுவதில்தான் கணக்கு தொடங்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது உயிரோடு இருப்பவரில்தான் தொடங்குகிறது. ஒரு கம்பெனி, அதாவது பட்டாலியனின் ஒரு பகுதி, தாக்குதலுக்குக் கிளம்பும் முன்பே யார் யார் போகிறார்கள் என்ற பட்டியல், நாமினல் ரோல், எழுதப்பட்டிருக்கும். முன்னால் போகிறவர் கையில் இருப்பது போக, அதன் ஒரு பிரதி பின்னால் இருக்கும் அலுவலகத்திலும் இருக்கும். சண்டை ஓய்ந்ததும் கம்பெனி ஹவில்தார் மேஜர் ரோல் கால் எடுப்பார். பெயர் கூப்பிடுவார், "சாப்" என்று பதில் வந்தால் ஒரு குறி. பதில் வராத பெயருக்கு, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்பார்: கடைசியாக எங்கே பார்த்தாய், எந்தப் பக்கம் போனான், விழுந்ததைப் பார்த்தாயா, தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தாயா?

ரோலில் இருப்பவரில் பதில் சொன்னவரைக் கழித்து, மருத்துவமனைக்குப் போனவரைக் கழித்து, உடல் கிடைத்தவரைக் கழித்து, மீதி நிற்கும் பெயர்கள்தான் 'மிஸ்ஸிங்'. ஒவ்வொரு மீதிப் பெயருக்கும் கோர்ட் ஆஃப் என்கொயரி, அதாவது ராணுவ விசாரணை, வைத்து, பார்த்தவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்குவார்கள். உடல், தகடு, ரோல், சாட்சி என்று நாலும் ஒரே பெயரைச் சொன்னால் சந்தேகமே இல்லை. இரண்டு வேறு வேறாகச் சொன்னால் விசாரணை நீளும்.

1962 சீனப் போரில், லடாக்கில் உள்ள ரெசாங் லாவில் 13 குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி கிட்டத்தட்ட முழுதாக அழிந்தது, நவம்பர் 18-ம் தேதி. தப்பிப் பிழைத்த சிலர் நடந்ததைச் சொன்னார்கள், முதலில் பலர் நம்பவில்லை. குளிர்காலம் கழிந்து, 1963 பிப்ரவரியில் உடல்கள் கிடைத்தன. கையில் ஆயுதத்தோடு, அவரவர் பதுங்கு குழியில், அவரவர் இடத்திலேயே உறைந்திருந்தார்கள். பிழைத்தவர்கள் சொன்னதை இறந்தவர்கள் இருந்த இடம் உறுதிப்படுத்தியது. அந்தச் சிலரும் பிழைக்காமல் போயிருந்தால் மூன்று மாதம் அத்தனை பெயரும் வெறும் 'மிஸ்ஸிங்' என்றே நின்றிருக்கும்.

"தகடே கிடைக்கலன்னா? முகமும் தெரியாத மாதிரி ஆயிட்டா?"

கேட்கவே கஷ்டமான கேள்விதான். ஆனால் நிறைய பேர் கேட்கிறார்கள். பட்டாளத்தில் சேரும்போதே உடலில் உள்ள அடையாளத்தை எழுதி வைப்பார்கள். ரிட்டயர் ஆனவர்கள் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பாருங்கள், 'இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு', 'வலது கன்னத்தில் மச்சம்' என்று இருக்கும். சின்ன வயதில் தென்னை மரத்திலிருந்து விழுந்த காயம்கூட அங்கே ஒரு சாட்சி. பல்லின் அமைப்பு, விரல் ரேகை, பழைய எலும்பு முறிவு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

உடுப்பும் பேசும். முதல் உலகப்போர் முடிந்த பிறகு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் புதைகுழிகளைத் தோண்டி உடல்களை ஒழுங்கான கல்லறைக்கு மாற்றினார்கள். நம்பர் பொறித்த சாப்பாட்டுக் கரண்டியை வைத்து அப்போது எத்தனையோ பேருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. பூட்ஸ், பொத்தான், தோள்பட்டை எழுத்து எல்லாம் எந்தப் பட்டாலியன் என்றாவது சொல்லும். அதுவும் தெரியாதவர்களின் கல்லில் 'கடவுளுக்குத் தெரிந்தவர்' என்று எழுதினார்கள். அந்த வாசகத்தைக் கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங், அவருடைய ஒரே மகனும் அந்தப் போரில் காணாமல் போனவர்.

இப்போது எல்லாம் முடியாதபோது டிஎன்ஏ. 2021 டிசம்பர் 8-ம் தேதி குன்னூர் பக்கத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது, சிலரை மட்டுமே பார்த்து அடையாளம் சொல்ல முடிந்தது. மற்றவர்களுக்கு டிஎன்ஏ பார்த்த பிறகுதான் உடலைக் குடும்பத்திடம் கொடுத்தார்கள். நாள் கூடுதலாக ஆனதில் குடும்பங்கள் தவித்துப் போனார்கள். ஆனால் ஆள் மாறிக் கொடுப்பதைவிட அந்தத் தாமதம் நல்லது.

"டிஎன்ஏவுக்கு யாரு ரத்தம் குடுக்கணும்? பொண்டாட்டி குடுத்தா போதாதா?"

மனைவி கொடுத்துப் பயனில்லை. ரத்த உறவு வேண்டும். அம்மா, அப்பா, பிள்ளைகள் இருந்தால் முதல் தரம். அவர்கள் இல்லையென்றால் உடன்பிறந்தவர்கள்.

பல வருடம் கழித்து எலும்பு மட்டும் கிடைத்தால் தாய்வழியாக மட்டுமே வரும் ஒரு வகை டிஎன்ஏவைப் பார்ப்பார்கள். அது அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் மகள் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். அதனால் இறந்தவரின் அக்கா தங்கையோ, அக்கா தங்கையின் பிள்ளைகளோ கொடுக்கலாம். அவருடைய சொந்த மகன் இதற்கு ஆகமாட்டான், அக்கா மகன் ஆவான். சொத்து அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி புழங்கிய நம் ஊர்ப் பழைய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபட்டுவிடும். வியட்நாம் போரில் 'அடையாளம் தெரியாத வீரர்' என்று வாஷிங்டன் அருகே ஆர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டவரை 1998-ல் தோண்டி எடுத்து இந்த முறையில்தான் பெயர் கண்டுபிடித்தார்கள். அந்தக் கல்லறைக் குழி இப்போது காலியாகவே இருக்கிறது. பிரான்சில் ஃப்ரோமெல் என்ற ஊரில் 1916-ல் மொத்தமாகப் புதைக்கப்பட்ட 250 உடல்களை 2009-ல் எடுத்தார்கள், அதில் பாதிக்கு மேல் பெயர் கிடைத்துவிட்டது.

இதற்கு நாம் தூரம் போக வேண்டாம். 2017-ல் ஒக்கி புயலில் நம் மேற்குக் கடற்கரை மீனவர்களின் உடல்கள் கேரளத்து மருத்துவமனைகளில் அடையாளம் தெரியாமல் இருந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துக் குடும்பங்கள் ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

"வீட்டுக்கு எப்படிச் சொல்லுவாங்க? முன்னால தந்தி வருமாமே?"

ஆமாம், முன்பு தந்திதான். தந்திக்காரர் சைக்கிளில் வந்தாலே பட்டாளத்துக்காரர் வீடுகளில் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்று என் அம்மா சொல்லுவார். தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. இப்போது யூனிட் நேரடியாகக் குடும்பத்தோடு பேசும். ஆட்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கும் தகவல் போகும். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பக்கத்து ராணுவ நிலையம், போலீஸ் என்று யாராவது நேரில் வருவார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களுக்கு ரெக்கார்டு ஆபீஸ் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது.

யாரிடம் முதலில் சொல்வது என்பது சேரும்போது எழுதிக் கொடுத்த 'நெக்ஸ்ட் ஆஃப் கின்', அதாவது நெருங்கிய உறவினர், பெயரைப் பொறுத்தது. கல்யாணம் ஆன பிறகும் அதை மாற்றாமல் விட்டால் தகவல் அப்பா பெயருக்குத்தான் வரும்.

"'மிஸ்ஸிங்'னு சொல்லிட்டாங்க. செத்துட்டாருன்னு எப்போ சொல்லுவாங்க? அதுவரைக்கும் நாங்க என்ன செய்யணும்?"

ரோல் காலில் மீதி நிற்கும் பெயர்தான் மிஸ்ஸிங் என்று மேலே சொன்னேன். சாட்சியம் வலுவாக இருந்தால், உடல் இல்லாவிட்டாலும் 'இறந்ததாக நம்பப்படுகிறது' என்று மாற்றுவார்கள். சாட்சியமே இல்லையென்றால் பொதுச் சட்டம் வரும்: 7 வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆனால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்த 7 வருடம் காத்திருக்கத் தேவையில்லை. அதற்கு முன்பே வாங்க விதி இருக்கிறது. ஆள் திரும்பி வந்தால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் புருஷன் செத்துவிட்டதாக ஒப்புக்கொண்டது ஆகிவிடுமோ என்று பயந்து வாங்காமலே இருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஆகாது. அதிலேயே 'திரும்பி வந்தால்' என்றுதான் இருக்கிறது.

ஏன் அவசரப்பட்டு இறந்ததாக எழுதக்கூடாது என்பதற்கு நம் ரெஜிமென்டிலேயே உதாரணம் உண்டு. 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் 19 மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். யாரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று எல்லோரும் முடிவுக்கு வந்து, நாடே இரங்கல் சொல்லிவிட்டது. ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா பனிக்கு அடியில் உயிரோடு கிடைத்தார். மூன்று நாள் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனார் என்றாலும், தோண்டுவதை நிறுத்தாமல் இருந்ததால்தான் அவர் மனைவியும் அம்மாவும் உயிர் இருக்கும்போதே அவர் பக்கத்துக்குப் போக முடிந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1971 போரில் காணாமல் போன 54 பேர் பாகிஸ்தான் சிறையில் இருப்பதாக இந்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொன்னது. பாகிஸ்தான் மறுத்தது. 1983-லும் 2007-லும் குடும்பத்தார் அங்கே சிறைகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். அந்தக் குடும்பங்களின் கணக்கு இன்றுவரை முடியவில்லை.

"71-ல எங்க சித்தப்பா இறந்தாரு. உடம்பு வரவே இல்ல. கார்கில்ல இறந்தவங்க உடம்பு மட்டும் எப்படி வந்துச்சு?"

1962, 1965, 1971 போர்களில் பெரும்பாலும் போர்முனைக்குப் பக்கத்திலேயே, அவரவர் மத முறைப்படி எரித்தார்கள் அல்லது புதைத்தார்கள். ரெசாங் லாவில் கிடைத்த உடல்களில் பெரும்பாலானவற்றையும் பக்கத்தில் சுசுலில் எரித்தார்கள். வீட்டுக்குச் சாம்பலோ, பெட்டியும் உடைமைகளுமோ வரும். 1999 கார்கில் போரில்தான் உடலைப் பெட்டியில் வைத்து விமானத்தில் சொந்த ஊருக்கே அனுப்புவது பெரிய அளவில் நடைமுறையானது. சித்தப்பாவை யாரும் அலட்சியம் செய்யவில்லை, அந்தக் காலத்து வழக்கம் அது. எரித்த இடமும் தேதியும் யூனிட் ரெக்கார்டில் இருக்க வாய்ப்பு அதிகம். நம்பரும் பட்டாலியனும் குறிப்பிட்டு ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள். டெல்லியில் 2019 பிப்ரவரி 25-ல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் கருங்கல்லில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் சித்தப்பா பெயரைத் தேடிப் பாருங்கள்.

"நேவியில இருக்கறவங்க கப்பலோட போயிட்டா?"

1971 டிசம்பர் 9-ம் தேதி டையூ கடலில் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கப்பல் துறைமுகத்தை விடும்போது யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியல் கரையில் இருக்கும். காப்பாற்றப்பட்டவர்களைக் கழித்தால் மீதி. நாலாவது கேள்வியில் சொன்ன அதே கணக்குதான், தோண்டிப் பார்க்க மண் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

ஒக்கியின்போது நம் விசைப்படகுகளில் இந்தப் பட்டியல் சரியாக இல்லாததால்தான் எத்தனை பேர் காணோம் என்று சொல்வதற்கே பல நாள் ஆனது. ஒவ்வொரு ஊர்ப் பங்குத்தந்தையும் வீடு வீடாகப் போய் எழுத வேண்டியிருந்தது. பிறகு அரசு விசாரித்து, 7 வருடம் காத்திருக்காமல் இறந்ததாகக் கொண்டு நிவாரணம் கொடுத்தது. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் ஏறுகிறவர் பெயரைக் கரையில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பேன் நான். பட்டாளம் நூறு வருடமாகச் செய்வது அதைத்தான்.

"முப்பது நாப்பது வருஷம் கழிச்சுக்கூட கிடைப்பாங்களா?"

கிடைத்திருக்கிறார்கள். 1984 மே மாதம் சியாச்சினில் பனிச்சரிவில் போன 19 குமாவோன் லான்ஸ் நாயக் ஒருவரின் உடல் 2022 ஆகஸ்டில், 38 வருடம் கழித்துக் கிடைத்தது. கூடவே தகடும் இருந்தது, அதில் ராணுவ நம்பர் படிக்கும்படி இருந்தது. இரண்டாவது கேள்வியில் 'உடலுக்கு ஒரு சாட்சி' என்று சொன்னேனே, அந்தச் சாட்சி 38 வருடம் பனிக்குள் காத்திருந்தது.

1968 பிப்ரவரி 7-ம் தேதி சண்டிகரிலிருந்து லே போன விமானப்படை விமானம் 102 பேரோடு ரோத்தங் பக்கம் விழுந்தது. 2003-ல் மலையேறப் போனவர்கள் முதலில் தடயம் கண்டார்கள். 2024-ல் இன்னும் நாலு உடல்கள். அதில் ஒருவர் பத்தனம்திட்டா மாவட்டத்துக்காரர், நமக்கு அடுத்த வீடு மாதிரி. 56 வருடம் கழித்து சொந்த சர்ச்சில் அடக்கம் செய்தார்கள். இவர்களை அடையாளம் காட்டியவை உடலோடு இருந்த காகிதமும் பே புக் என்ற சம்பளப் புத்தகமும்தான்.

"எதிரி நாட்டுக்காரன் உடம்பை என்ன செய்வாங்க? அப்படியே விட்டுருவாங்களா?"

விடக்கூடாது. ஜெனீவா உடன்படிக்கைப்படி எதிரியின் உடலையும் தேட வேண்டும், கொள்ளை போகாமல் காக்க வேண்டும், யாரென்று எழுத வேண்டும், அவர் மத முறைப்படி தனித்தனியாக அடக்கம் செய்ய வேண்டும், விவரத்தை எதிர் நாட்டுக்கு அனுப்ப வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் நடுவில் நிற்கும். இந்தியா 1950-ல் இதை ஏற்று 1960-ல் தனிச் சட்டமே போட்டது. கார்கிலில் பாகிஸ்தான் வாங்க மறுத்த பல உடல்களை நம் ராணுவம் இஸ்லாமிய முறைப்படி ஜெபம் சொல்லிப் புதைத்தது. அதைச் செய்தவர்களின் நண்பர்களே அந்த மலையில் இறந்திருந்தார்கள். நம் ராணுவத்தில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் இது ஒன்று.

புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது, போனவர்கள் பார்த்திருப்பீர்கள். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர் பக்கம் நின்று தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையின் தளபதியே ஆனவர். 1777-ல் இறந்தார். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் அவரைப் பற்றி எழுதியிருக்கிறது. அதே குளச்சலில் ஜெயித்த நம் சாதாரணப் படையாட்களின் பெயர்ப்பட்டியல் நமக்கு வந்து சேரவில்லை. சிப்பாய்க்கும் தளபதிக்கும் ஒரே அளவுக் கல் என்ற எண்ணம், போர்க் கல்லறை ஆணையம் தொடங்கிய 1917-க்குப் பிறகுதான் வந்தது.

"எங்க பாட்டா ரெண்டாம் உலகப்போர்ல பர்மாவுக்குப் போனாரு, திரும்பி வரல. அவரு பேரு எங்கயாவது இருக்குமா?"

இருக்கும் என்றே தேடத் தொடங்குங்கள். 1917-ல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இரண்டு உலகப்போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பெயரைப் பராமரிக்கிறது, இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பர்மாவில் கல்லறை தெரியாமல் போனவர்களுக்கு யாங்கூன் பக்கம் தௌக்யானில் ரங்கூன் நினைவிடம் இருக்கிறது, கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். எரிக்கப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுப் பலகைகள் உண்டு. கொஹிமாவில் மட்டும் 917 பேர். சிங்கப்பூர் பக்கம் போனவர் என்றால் அங்கே கிராஞ்சியில் உள்ள நினைவிடத்துப் பட்டியலில் பாருங்கள்.

தேடும்போது நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறு, தமிழ்நாடு அல்லது மெட்ராஸ் என்று தேடுவது. 1956 நவம்பர் 1-ல்தான் நாம் மெட்ராஸோடு சேர்ந்தோம், உலகப்போர்க் காலத்தில் நாம் திருவிதாங்கூர். பட்டியலில் ஊருக்குப் பக்கத்தில் 'திருவிதாங்கூர்' என்றுதான் இருக்கும், அதுவும் ஆங்கிலேயர் எழுதிய 'டிராவன்கோர்' என்ற எழுத்தில். இரணியல், கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம் எல்லாம் பழைய ஆங்கில எழுத்தில் கன்னாபின்னாவென்று இருக்கும். பெயரைவிட நம்பர் தெரிந்தால் வேலை சுலபம். இந்தியர்களுக்குக் கொடுத்த அந்தக் காலப் பதக்கங்களில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும்: வட்டப் பதக்கத்தில் விளிம்பில், நட்சத்திரத்தில் பின்பக்கம்.

பதக்கமும் இல்லையென்றால் பெட்டியைப் பாருங்கள். குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நம்பர் யாருக்கும் தெரியவில்லை. நல்லமிளகு கொட்டி வைத்திருந்த ஒரு கறுப்புத் தகரப் பெட்டி மட்டும் "டிப்போவுலேருந்து வந்ததாம்" என்றார்கள். மேலே பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் மெதுவாகத் தேய்த்தேன். முதலில் ஒரு வெள்ளைக் கோடு, பிறகு ஒரு 7, பிறகு வரிசையாக நம்பர், கீழே பெயர். பெட்டியில் நம்பரும் பெயரும் வெள்ளைப் பெயின்டில் எழுதுவது பட்டாளத்து வழக்கம், இன்றும் அப்படித்தான். அந்த வீட்டுப் பாட்டாவின் பெயர் ரங்கூன் நினைவிடத்துப் பட்டியலில் அன்று இரவே கிடைத்தது.

முதல் உலகப்போர் என்றால் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு தேடுங்கள். இந்திய, ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் பலரின் பெயரை வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பொறித்த மாதிரி பொறிக்கவில்லை, எண்ணிக்கையாக மட்டும் விட்டார்கள் என்று அந்த ஆணையமே 2021-ல் விசாரித்து ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பதியப்படவில்லை அல்லது நினைவே இல்லை என்பது அவர்கள் சொன்ன கணக்கு.

"எங்க அம்மச்சியோட அண்ணன் மலேயா எஸ்டேட்டுக்குப் போயி, அங்கேருந்து ஜப்பான்காரன் ரயில் ரோடு வேலைக்குக் கொண்டுபோயிட்டான். அந்த லிஸ்ட்ல இருப்பாரா?"

இருக்க மாட்டார். இதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு அடைக்கும். சயாம்–பர்மா ரயில் பாதையில் இறந்த போர்க்கைதிகள் 13,000 பேர் வரை. அவர்களுக்கு ரோல் இருந்தது. கைதிகளாக இருந்த அதிகாரிகள் ஒளித்து ஒளித்து இறந்தவர் பெயரும் புதைத்த இடமும் எழுதி வைத்தார்கள். அதனால் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இருக்கும் என்கிறார்கள், அதில் பெரும் பங்கு தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். யார் போகிறார்கள் என்று யாரும் எழுதவில்லை, அதனால் யார் வரவில்லை என்றும் தெரியவில்லை. எஸ்டேட் பெயர், கப்பல் ஏறிய வருடம், கடைசிக் கடிதத்தின் தேதி என்று உங்கள் வீட்டில் தெரிந்ததை நீங்களாவது ஒரு நோட்டில் எழுதுங்கள்.

"என் பையன் இப்ப சர்வீஸ்ல இருக்கான். நாங்க வீட்ல என்ன செய்து வைக்கணும்?"

அவன் நம்பரைக் கடைசி எழுத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். யூனிட் பெயர், ரெக்கார்டு ஆபீஸ் எது என்பதும் வேண்டும். அடுத்த லீவுக்கு வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: கல்யாணத்துக்கும் பிள்ளை பிறந்ததற்கும் 'பார்ட் டூ ஆர்டர்', அதாவது அதை ரெக்கார்டில் ஏற்றும் உத்தரவு, ஆகிவிட்டதா? குடும்பத்தார் விவரம் எழுதும் கிண்ட்ரட் ரோலில் மனைவி பெயர் ஆதாரில் இருக்கும் எழுத்திலேயே இருக்கிறதா? என்னிடம் வந்த குடும்பங்களில் பாதி அலைச்சல் இந்த ஓர் இடத்தில்தான். ஒரு வீட்டில் மனைவி பெயர் ரெக்கார்டில் 'மேரி', ஆதாரில் 'மரிய புஷ்பம்', பள்ளிச் சான்றிதழில் 'எம். புஷ்பம்'. மூன்றும் ஒருவர்தான் என்று நிரூபிக்க 14 மாதம் ஆனது. அதுவரை அந்தப் பெண் ரப்பர் வெட்டத்தான் போனார்.

குரூப் இன்ஷூரன்ஸ் நாமினி யார் என்று பார்க்கச் சொல்லுங்கள். சேரும்போது அம்மா பெயர் கொடுத்துவிட்டு அப்படியே மறந்துபோவார்கள், பிறகு மாமியாரும் மருமகளும் தாலுகா ஆபீசில் எதிரெதிரே நிற்க வேண்டிவரும். போரில் இறந்தவரின் மனைவிக்குக் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும் ஓய்வூதியமாக வரும். பணியின் காரணமான மற்ற இறப்புக்கு 60 சதவீதம். எந்த வகை என்பது ரெக்கார்டில் எழுதும் வார்த்தையைப் பொறுத்தது. அதனால் யூனிட் அனுப்பும் தாள் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதையெல்லாம் பையனிடம் பேசினால் அபசகுனம் என்று பலர் தயங்குகிறார்கள். அவனுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு தடவையும் முன்னால் போகும்போது அவன் கழுத்தில் மாட்டிக்கொள்வதும், பெயர் கூப்பிடும்போது பதில் சொல்வதும் இதற்காகத்தான் என்று அவனுக்கே தெரியும். சாயங்காலம் சாயா குடிக்கும்போது சாதாரணமாகக் கேளுங்கள், பதில் சொல்வான்.